உச்சி வெயிலில் ஒத்திகை

கத்திரி கழிந்ததும் வெயில் பயம் நமக்குத் தெளிந்துவிடுகிறது. ஆனால் தோலைப் பதம் பார்ப்பது வெக்கையல்ல, புற ஊதாக் கதிர். அது வியர்க்க வைக்காது, பட்டது தெரியாது. சூரியன் எவ்வளவு உச்சியில் நிற்கிறதோ அவ்வளவு அதன் வீச்சு. சென்னைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை. ஒன்று ஏப்ரல் கடைசி வாரம். இன்னொன்று ஆகஸ்ட் மூன்றாம் வாரம். சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகைக்குப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்துவதும் அதையொட்டித்தான்.

ஊட்டி இன்னும் ஏமாற்றும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் கதிரின் வலு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஸ்வெட்டரோடு படகில் போன பிள்ளை மூக்குத்தோல் உரிந்து வீடு திரும்புவது இதனால்தான்.

ஆஸ்திரேலியா 1981-லேயே ஒரு கடற்பறவைக் கார்ட்டூனை வைத்து, சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி வை என்று பிரச்சாரம் தொடங்கியது. அங்கே பல தொடக்கப் பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு நிழலில் மட்டுமே விளையாட்டு. அவர்களின் தோல் புற்றுநோய் பயத்தை நாம் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நம் தோலின் மெலனின் ஓரளவு காக்கிறது. அதற்காக நம் பிள்ளைகளுக்கு வெயில் சுடாது என்றில்லை. வெண்புள்ளி உள்ள குழந்தைக்கோ அந்தத் திட்டுகளில் மெலனின் காவலே கிடையாது. அந்தக் குழந்தையும் அதே ஒத்திகை வரிசையில்தான் நிற்கிறது.

நம் வீடுகளில் வெயில் பேச்சு எழுவது வேறு காரணத்துக்காக: “கருத்துடுவே, உள்ளே வா.” அதுவும் பெண் பிள்ளையிடம் மட்டும். பையனை யாரும் கூப்பிடுவதில்லை. நிறத்துக்கான இந்தக் கவலை தோலுக்கானது அல்ல.

கடைக்காரர்கள் நீட்டும் தீர்வு சன்ஸ்கிரீன். சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன டியூப். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இது நடக்கிற காரியமா? ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு அதைப் பூசாமல் நிழலில் வைத்திருப்பதே நல்லது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

காசில்லாத வழி கால அட்டவணையில் இருக்கிறது. காலை 10 முதல் மாலை 4 வரை பி.டி. வகுப்பு மரத்தடியிலோ தாழ்வாரத்திலோ நடக்கட்டும். சீருடையோடு ஒரு அகல விளிம்புத் தொப்பியையும் சேருங்கள். வளாகத்துக்குக் கல் பாவ வேம்பையும் புங்கையும் வெட்டும் நிர்வாகத்தைப் பெற்றோர் கூட்டத்திலேயே கேளுங்கள். ஆகஸ்ட் ஒத்திகையைத் தலைமையாசிரியர்கள் காலை 9 மணிக்குள் முடித்துவிடலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.