கண்மதிப்பும் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல்)

என் தந்தை நெல் மூட்டையைப் பார்த்தே எடை சொல்வார். ஒரு கிலோ, இரண்டு கிலோதான் முன்பின் இருக்கும். ஆயினும் வியாபாரி கண்மதிப்பாக விலை பேசினால் ஒப்புக்கொள்ள மாட்டார். "தராசிலே ஏற்று" என்பார். கண்மதிப்பு வாங்குகிறவன் பக்கமே சாயும் என்பது அவர் அனுபவம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டில் புள்ளியியல் நுழைந்த கதையைப் படித்தபோது அந்தத் தராசுதான் நினைவுக்கு வந்தது.

அங்கே ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராகச் சுற்றும் அனுபவசாலிகள் உண்டு. உயரம், உடற்கட்டு, ஓட்டம் ஆகியவற்றைக் கண்டு ஆளை எடை போடுவர். 1980இல் பில்லி பீன் என்ற இளைஞரை அப்படித்தான் கொண்டாடினர். நியூயார்க் மெட்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரை எடுத்தது. அவரோ களத்தில் சோபிக்கவில்லை.

அப்படியானால் அவர்களிடம் எண்களே இல்லையா? இருந்தன! அங்கேதான் நமக்குப் பாடம். மட்டையாளரை அளக்க 'அடி சராசரி' இருந்தது. பந்தெறிபவர் நான்கு தவறான பந்துகள் வீசினால் மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அந்த நடை சராசரியில் சேராது. நூறு முறை மட்டை பிடித்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் 29 முறை அடித்துத் தளம் ஏறினார், 4 முறை நடந்தார்; சராசரி 0.302. மற்றவர் 22 முறை அடித்தார், 16 முறை நடந்தார், சராசரி 0.262. பழைய கணக்கில் முன்னவரே வல்லவர். ஆனால் தளம் ஏறியது முன்னவர் 33 முறை, பின்னவர் 38 முறை!

இதை ஓயாமல் எடுத்துச் சொன்னவர் பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்தில் உணவை டப்பாவில் அடைக்கும் ஆலையொன்றில் இரவுக் காவலராக இருந்தவர். 1977இல் தம் கணக்குகளைத் தாமே அச்சிட்டு விற்றார். அணிகள் நெடுநாள் செவி சாய்க்கவில்லை.

செவி சாய்த்தவர்களுள் ஒருவர், பின்னாளில் ஓக்லண்ட் அணியின் பொது மேலாளரான அதே பீன்! முழங்கை நரம்பு கெட்டுப் பந்தெறிய முடியாமற்போன ஸ்காட் ஹாட்டெபர்க்கை, தளம் ஏறும் திறனுக்காகச் சேர்த்தார். 2002இல் சம்பளத்துக்கு ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவிட்ட ஓக்லண்ட், அதைப்போல் மூன்று மடங்கு செலவிட்ட நியூயார்க் யாங்கீஸுக்கு இணையாக 103 ஆட்டங்களில் வென்றது. தொடர்ந்து பெற்ற இருபதாவது வெற்றி ஹாட்டெபர்க்கின் மட்டையிலிருந்தே வந்தது.

கணக்கு எல்லாம் வல்லதா? அன்று. அவ்வாண்டின் இறுதிச் சுற்றுகளில் ஓக்லண்ட் முதல் தடையிலேயே மினசோட்டாவிடம் தோற்றது. ஐந்து ஆட்டத் தொடரில் எந்தக் கணக்கும் காப்புறுதி தராது. ஓக்லண்டின் சிறந்த பந்தெறிபவர் மூவருள், பழைய கண்களும் மெச்சியவர்கள் உண்டு.

நண்பர்களே! சட்டையையும் ஆங்கிலத்தையும் பார்த்து எடை போடப்படுவோமோ என்று அஞ்சும் நமக்குத் தராசு வேண்டும். ஆனால் மதிப்பெண் பட்டியலும் ஓர் அடி சராசரியே. விடியலில் பால் ஊற்றிவிட்டு முதல் மணிக்கு வந்து சேரும் மாணவனின் உழைப்புக்கு அதில் கட்டமே இல்லை. எனவே எந்தப் பட்டியலைக் கண்டாலும், "இதில் எதை எண்ணாமல் விட்டீர்கள்?" என்று கேட்போம். புள்ளியியல் பயில்வோரின் முதற்கடமை அதுவே என்பது என் கருத்து.