நிலத்தின் ஓய்வுநாள்

1967ஆம் ஆண்டில், லின் வைட் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையொன்றில், சிருஷ்டி முழுவதும் மனிதனின் பிரயோஜனத்துக்கே என்னும் எண்ணத்தை மேலைநாட்டுக் கிறிஸ்தவம் ஊட்டியதென்றும், இயற்கையின் சீரழிவில் அதற்குப் பெரும் பங்கு உண்டென்றும் குற்றஞ்சாட்டினார். பூமியைக் கீழ்ப்படுத்தி ஆளும்படி மனிதனுக்கு ஆக்ஞையிடும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை அறிந்தோர் இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் இக்குற்றம் வேதத்தைக் காட்டிலும், முதல் அதிகாரத்தோடு ஏட்டை மூடிவைத்த வாசகரையே அதிகமாய்ச் சாரும் என்பது நம் கருத்து.

அடுத்த அதிகாரத்தில் மனிதன் ஏதேன் தோட்டத்தில் வைக்கப்படுவது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே. பண்படுத்துதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு ஊழியம் செய்தல் என்னும் பொருளும் உண்டு. காத்தலைக் குறிக்கும் சொல்லோ, தம்பியைக் கொன்ற காயீன், தான் அவனுக்குக் காவலாளியோ என்று இறைவனையே எதிர்த்துக் கேட்குமிடத்தில் மீண்டும் வருகிறது. அவனுக்குக் கிடைத்த தண்டனைகளுள் ஒன்று, அவன் உழும் நிலம் இனிப் பலன் தராது என்பது. உடன்பிறந்தானைக் காவாதவன் கையில் மண்ணும் மலடாகிவிடுகிறது.

இக்காவலை வெறும் அறிவுரையாக விட்டுவிடாமல், நியாயப்பிரமாணம் ஆண்டுக் கணக்காகவே வகுத்துவைத்தது. ஆறாண்டு விதைத்த நிலத்துக்கு ஏழாம் ஆண்டு ஓய்வு என்றும், அவ்வாண்டில் தானாய் விளைவது உடையவனோடு வேலையாளுக்கும், அயலானுக்கும், காட்டு மிருகங்களுக்கும் உணவாகும் என்றும் லேவியராகமம் விதிக்கிறது. நகரை முற்றுகையிட்டிருக்கும் சேனைகூடக் கனிமரத்தை வெட்டலாகாதென்கிறது உபாகமம். இவற்றையெல்லாம் தம் வேதமெனப் போற்றியவர்களே, சமாதான காலத்தில், இலாபத்தின் பொருட்டுக் காடுகளை அழித்துவிட்டு அதற்கும் வேதத்தையே சான்று காட்டியது விந்தையிலும் விந்தை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், ஆளுகை வசனத்தைக் காவல் வசனத்தோடு சேர்த்தே வாசிக்கக் கற்பித்தது. அவ்வாசிப்பு எழுத்தில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அதை வாழ்ந்துகாட்டியவர்களும் உண்டு: வட எத்தியோப்பியாவில், சுற்றிலும் காடழிந்து வயலாகிவிட்ட மேட்டுநிலங்களில், பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சூழ்ந்து மட்டும் ஆதிக்காடு பசுந்தீவுகளாய் எஞ்சி நிற்கிறது, அது ஏதேனின் சாயல் என்பது அம்மக்களின் நம்பிக்கை. சிருஷ்டியைப் போற்றித் துதி பாடும் சபைகள் யாவும், பாடி முடித்தபின், தம் பெயரிலுள்ள நிலங்கள் எந்நிலையில் இருக்கின்றன என்று ஒருமுறை போய்ப் பார்த்துவருதல் தகும்.

ஏனெனில் நிலம் கணக்கு மறப்பதில்லை. யூதா நாட்டார் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனபின், அத்தேசம் பாழாய்க் கிடந்து, தனக்கு வரவேண்டிய ஓய்வுகளையெல்லாம் எழுபது ஆண்டு நிறைவேறும்வரை அனுபவித்ததென்று நாளாகமத்தின் இறுதி அதிகாரம் எழுதிவைத்திருக்கிறது. நிலம் தன் நிலுவையை வசூலித்துக்கொண்டிருந்த அக்காலத்தில், அதைக் கொடுக்க மறுத்தவர்கள் அந்நிய தேசத்தில் இருந்தார்கள்.