அழுத்தும் கைகளுக்கும் ஒரு வழிகாட்டி தேவை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி அறையில், இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியைப் பொம்மை ஒன்றின் மீது செய்து காட்டினேன். பலமுறை செய்தவன் என்ற நம்பிக்கையோடுதான் அழுத்தினேன். ஆனால் பொம்மையோடு இணைந்த திரை வேறு கதை சொன்னது. ஆழம் 4 செ.மீ. அளவிலேயே நின்றது, வேகமோ நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டியிருந்தது. சரியாகச் செய்கிறோம் என்ற உணர்வு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை அன்று கற்றேன்.

இதயம் நின்றபின் மூளைக்கு இரத்தத்தை அனுப்புவது அழுத்துபவரின் கைகளே. பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுமையாக மேலெழ வேண்டும். பதற்றத்தில் வேகம் கூடுகிறது. இரண்டொரு நிமிடங்களில் களைப்பால் ஆழம் குறைகிறது. அழுத்துபவர் இதனை உணர்வதே இல்லை.

இக்குறையைப் போக்கவே பின்னூட்டக் கருவிகள் வந்துள்ளன. கைக்கும் நெஞ்சுக்கும் இடையே வைக்கும் சிறு தகட்டில் உள்ள உணரி, அசைவைக் கொண்டு ஆழத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. "இன்னும் ஆழமாக அழுத்துங்கள்" என்று குரலால் திருத்துகிறது. சரியான வேகத்துக்குத் தாளமும் ஒலிக்கிறது. பெரியவர்களுக்கான தனது சி.பி.ஆர். பயிற்சிகளில் இத்தகைய கருவிகளை அமெரிக்க இதயச் சங்கம் 2019 முதல் கட்டாயமாக்கியுள்ளது.

கருவிக்கும் எல்லை உண்டு. மெத்தை அமுங்குவதையும் நெஞ்சின் ஆழமாக அது தவறாகக் கணக்கிடக்கூடும். அழுத்தத்தின் தரம் உயர்வதை ஆய்வுகள் காட்டினாலும், உயிர் பிழைப்போர் எண்ணிக்கை உயர்வதை எல்லா ஆய்வுகளும் காட்டவில்லை.

எனினும், இக்கருவியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் மட்டும் வைத்திருப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை வீட்டில்தான் நேர்கின்றன. அப்போது அருகில் இருப்பவர் மருத்துவர் அல்லர். மனைவியோ, மகனோ, மருமகளோதான். ஆகவே இதய நோயாளி வீடு திரும்புமுன், அவரைப் பேணுபவர் ஒருவரேனும் இக்கருவியின் துணையோடு பொம்மை மீது அழுத்திப் பழக வேண்டும். மருந்துச் சீட்டைப் போலவே இப்பயிற்சியும் எங்கள் கடமையாக வேண்டும். நீங்களும் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.

ஆனால் ஆபத்து நேரும்போது கருவியைத் தேடி நிற்காதீர்கள். ஒருவர் நினைவிழந்து, மூச்சின்றியோ இயல்பற்றுத் திணறியோ கிடந்தால், உடனே 108-ஐ அழைத்து, உறுதியான தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். இருவர் இருந்தால் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். குறையோடு செய்த முதலுதவிகூட, செய்யாமல் விட்டதைவிட மேலானது. அக்குறையை முன்கூட்டியே களைவதற்குத்தான் கருவி.