ஆளற்ற தீவு என்னும் பொய்

சென்ற ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், கொடுமுடியில் மகுடேசுவரர் கோயிலை ஒட்டிய படித்துறையில் எங்கள் மாதாந்திரக் கூடுகை நடந்தது. முந்தைய நாளின் முளைப்பாரிச் சட்டிகளும் வாழையிலைகளும் இன்னும் படிகளில் ஒதுங்கிக் கிடந்தன. அஞ்சல் துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் தம்முடைய அந்தமான் பயணக் கட்டுரையின் முதற்பகுதியை வாசித்தார். நல்ல நடை அவருக்கு. கடலின் நிறத்துக்கு மட்டும் ஏழெட்டு உவமைகள் வைத்திருந்தார். வெண்மணல், சாய்ந்த மரம், காலடித் தடமே இல்லாத கரை, ‘மனிதர் தொடாத தீவு’ என்று போயிற்று. வாசித்து முடித்ததும், ஓய்வுபெற்ற தமிழாசிரியரான எங்கள் மூத்த அன்பர் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏனுங்க தம்பி, அந்தத் தீவுல ஒருத்தருமே இல்லீங்களா?”

நண்பர் சிரித்துவிட்டு, “இருக்காங்கய்யா, ஆனா கட்டுரைக்கு அது தேவைப்படலீங்க” என்றார். அந்தப் பதிலோடுதான் எங்களுக்குச் சண்டை. அவருடைய அனுமதியோடே இதை எழுதுகிறோம். அவரும் பதில் எழுதுவார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். வெயிலும் மணலும் தேடி விடுமுறைக்குப் போகிறவர்கள் மீது எங்களுக்குப் புகார் இல்லை. ஆண்டு முழுதும் முத்திரை குத்தியவர் ஐந்து நாள் கடலில் கால் நனைத்தால் அதைக் குற்றமென்று சொல்ல நாங்கள் சாமியார்கள் அல்லர். எங்கள் வழக்கு எழுத்தோடு. கடந்த சில ஆண்டுகளில் சிற்றிதழ் முதல் வார இதழ் வரை தமிழில் வந்து குவியும் தீவுப் பயணக் கட்டுரைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கட்டுரையாக இருக்கின்றன. மாலத்தீவு, பாலி, இலட்சத்தீவு, அந்தமான் என்று பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் தீவு காலியாகத்தான் இருக்கிறது.

நண்பர் ‘மனிதர் தொடாத’ என்று எழுதிய கடற்கரை, ஹாவ்லாக் தீவின் ராதாநகர். 2018 முதல் அத்தீவின் அரசுப் பெயர் சுவராஜ் தீவு. 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னதாக எல்லா விடுதிச் சுவரிலும் எழுதி வைத்திருக்கும் அதே கரை. அந்தப் பெயரை நிறுத்தி ஒரு முறை உச்சரித்திருந்தால் போதும். ராதாநகர், கோவிந்தநகர், கிருஷ்ணநகர், சியாம்நகர். கடல் நடுவே ஒரு காட்டுத்தீவில் யார் இந்த வைணவப் பெயர்களை வைத்தது? பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து, 1950-களில் அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். காட்டை வெட்டி வயலாக்கி, இழந்த ஊரின் கண்ணனைப் புதிய ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்டவர்கள். ஒரு கடற்கரையின் பெயருக்குள் இத்தனை பெரிய நாவல் கிடக்கும்போது, அதன் மீது துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு ‘நீலம், நீலம்’ என்று எழுதுவதை இலக்கியம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

கட்டுரையின் இரண்டாம் பகுதி பாராத்தாங் பயணம். அதிகாலை இருட்டில் கிளம்பி, ஜிர்க்காத்தாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாகக் காத்திருந்து, காவலோடு காட்டுக்குள் போய்ச் சுண்ணாம்புக் குகை பார்த்துத் திரும்புவது. அந்தச் சாலை ஜராவா மக்களின் காப்பகத்தை ஊடறுத்துப் போகிறது. காப்பகத்துக்குள் அதை மூடும்படி 2002-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஜராவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடச் சொல்லும் காணொளி 2012 ஜனவரியில் வெளியாகி உலகமே காறித் துப்பியது. நண்பர் படமெடுக்கவில்லை, நிற்கவில்லை, விதிகளை மதித்தார். ஆனால் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார்: வழியில் ஒருவரையும் காண முடியவில்லை என்பது ஏமாற்றமே. இந்த ஏமாற்றத்தைத்தான் நாங்கள் விடாமல் பிடித்துக்கொள்கிறோம். ராதாநகரில் மனிதர் இருப்பது கட்டுரைக்கு இடைஞ்சல். இங்கே மனிதர் இல்லாதது இடைஞ்சல். இரண்டும் ஒரே பார்வைதான். கரையில் இருப்பவர் மறைய வேண்டும், காட்டில் இருப்பவர் தோன்ற வேண்டும், இரண்டும் நம் வசதிப்படி.

கொடுமுடிக்காரர்களான எங்களுக்கு இது சற்றே கூடுதலாக உறைக்கக் காரணம் உண்டு. நாங்களும் பார்க்கப்படுகிற ஊர்க்காரர்கள். வன்னி மரத்தடிக்கும் பரிகாரத்துக்கும் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், முழுக்குப் போட்டு உடுத்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். தோஷம் அவர்களை விட்டுப் போகிறது. துணி எங்கள் படித்துறையில் சிக்கிக்கொள்கிறது. அவர்களுடைய நினைவில் கொடுமுடி என்பது ஒரு கோயில், ஒரு ஆறு, அரை நாள். அதில் நாங்கள் இல்லை. பரவாயில்லை, பக்தர்கள் கட்டுரை எழுதுவதில்லை.

தமிழ் எழுத்தாளன் ‘ஆளற்ற தீவு’ என்று மயங்குவது இன்னொரு வகையிலும் வேடிக்கை. அந்த மயக்கமே நம்முடையதில்லை. 1719-இல் வெளிவந்த ராபின்சன் குரூசோ தொடங்கி, தனித்தீவு என்பது ஒருவன் தானே அரசனாகிவிடும் கனவாக ஐரோப்பிய எழுத்தில் வளர்ந்தது. பிற்பாடு விடுதி முதலாளிகள் அதைத் தவணை முறையில் விற்கத் தொடங்கினார்கள். மாலத்தீவில் 1972-இல் முதல் விடுதி திறந்தது முதலே ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதுதான் வழி. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைக்க 2009 வரை ஆயிற்று. ஆக அங்கே தனிமை என்பது இயற்கையாக வாய்த்தது அல்ல. மக்கள் ஒரு தீவில், விருந்தினர் இன்னொரு தீவில் என்று பிரித்து உண்டாக்கிய சரக்கு.

நம்மிடம் இருக்கும் தீவு எது? மணிமேகலையின் மணிபல்லவம். அங்கே ஆபுத்திரன் கதையை எங்கள் மூத்த அன்பர் அன்றைக்கே எடுத்து வைத்தார். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையில் வைத்திருந்தவன் அவன். மழை பெய்து நாடு செழித்து, உண்ண வருவார் இல்லாமற்போக, பசித்தவர்களைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பல் ஏறினான். காற்றால் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியது. இறங்கியவனை ஏறிவிட்டதாக எண்ணிக் கப்பல் இரவோடு போய்விட்டது. ஆளற்ற தீவு, அற்புதமான கடல், வற்றாத சோறு. இன்றைய விளம்பரத்தில் வரும் அத்தனையும் அவனுக்குக் கிடைத்தன. அவன் என்ன செய்தான்? பகிர்ந்துண்ண ஒரு உயிரும் இல்லாத இடத்தில் தன் வயிற்றை மட்டும் நிரப்பும் பாத்திரம் எதற்கென்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்விட்டான். தனித்தீவைப் பற்றித் தமிழின் மிகப் பழைய தீர்ப்பு இதுதான். சாத்தனார் கடலை வருணிக்கத் தெரியாதவர் அல்லர்.

இலக்கியப் பழி சுமத்துவதோடு நிறுத்திக்கொண்டிருப்போம், அந்தமானுக்கும் தமிழனுக்கும் இடையே இருக்கும் கணக்கு இத்தனை நெருக்கமாக இல்லாதிருந்தால். நண்பர் போக முடியாத நிகோபார்ப் பகுதியில் கச்சால் என்றொரு தீவு இருக்கிறது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழரில் ஒரு பகுதியினரை அங்கே ரப்பர்த் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு தீவில் தேயிலை பறித்தவர்கள், இன்னொரு தீவில் பால்வெட்டினார்கள். பிறகு 2000-ஆம் ஆண்டு வந்தது. கிரீன்விச் நேரப்படி புத்தாயிரம் பிறக்கும் கணத்தில் சூரியன் உதிக்கும் இடம் கச்சால் என்று கணக்குப் போட்டு, அந்தத் தீவைச் சுற்றுலாக் காட்சியாக்கும் முயற்சி நடந்தது. முதல் சூரியன் எல்லாச் செய்தித்தாளிலும் உதித்தது. அதன் கீழே பால்வெட்டப் போன தமிழர் எதிலும் வந்ததாக எங்கள் நினைவில் இல்லை. ஐந்தாண்டு கழியவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நிகோபாரிலேயே மிகக் கொடுமையாக அடிபட்ட தீவுகளுள் ஒன்று கச்சால். நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நாம் அழுதோம், அழவேண்டியதுதான். கச்சாலுக்கு அழுத தமிழ்க் கவிதை எத்தனை?

மனிதர் இல்லையென்று எழுதிப் பழகிய மொழிக்குப் பின்னால் வருவது என்ன என்பதற்குக் கிரேட் நிகோபாரைப் பாருங்கள். துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் என்று ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்துக்கொள்ளும் திட்டம். தோணியாமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவின் சரணாலய அந்தஸ்து 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. அந்த நவம்பரிலேயே நிகோபாரிகளின் பழங்குடி மன்றம், தான் முன்பு கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. காரணம் எளிமையானது. 2004 பேரலைக்குப் பின் முகாம்களுக்கு மாற்றப்பட்ட அவர்கள் தம் பழைய கடற்கரை ஊர்களுக்குத் திரும்பக் காத்திருந்தவர்கள். அந்த ஊர்களும் திட்ட வரைபடத்துக்குள் இருப்பது அவர்களுக்குப் பிறகே தெரிந்தது. வரைபடத்தில் அவை காலி நிலம். நம் பயணக் கட்டுரையில் அது காலிக் கரை. சொல் ஒன்றுதான். காட்டுக்குள் இருக்கும் ஷோம்பென் மக்களிடம் கருத்துக் கேட்கப் போனவர் யாரென்று எங்களைக் கேட்காதீர்கள்.

‘இப்படிப் பார்த்தால் எங்கேயும் போக முடியாது, எதையும் ரசிக்க முடியாது’ என்று நண்பர் அன்றைக்குச் சற்றுக் கோபமாகவே சொன்னார். பாதி நியாயம். எல்லாக் காட்சியிலும் குற்றவுணர்வைத் தூவிப் பரிமாறுவதும் ஒரு நோய்தான். சிற்றிதழ்க்காரர்களுக்கு அது கொஞ்சம் அதிகம். எங்கள் கையும் சுத்தமில்லை. எங்களில் ஒருவர் முன்பு தனுஷ்கோடியைப் பற்றி எழுதினார். 1964 டிசம்பர்ப் புயலில் இடிந்த தேவாலயச் சுவர், ரயில் நிலையம், நிலவு, தனிமை. அந்தச் சுவருக்குப் பக்கத்துக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் அன்றும் வாழ்ந்தன, இன்றும் வாழ்கின்றன. அவரிடம் மீன் வாங்கித் தின்றுவிட்டு வந்துதான் அந்தத் தனிமையை அவர் எழுதினார். நாங்கள் அதைப் பாராட்டிக் கடிதமும் போட்டோம்.

நாங்கள் அவ்வளவாகப் பேச விரும்பாத இன்னொன்றும் இருக்கிறது. தெளிந்த நீருக்கும் வெண்மணலுக்கும் கொங்கு நாட்டவன் ஏன் கடல் தாண்டவேண்டி வந்தது? கொடுமுடிக்குச் சற்றுத் தெற்கே நொய்யல் காவிரியில் கலக்கிறது. திருப்பூர்ச் சாயத்தைச் சுமந்து வந்த ஆறு. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. மணலோ, கரூர், நாமக்கல் கரைகளில் லாரி லாரியாகப் போனது. சிறுவயதில் சித்திரை வெயில் தணிந்த மாலைகளில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்கள் எங்களில் மூவர் இருக்கிறார்கள். அந்த மணலில் எழும்பிய வீடுகளில் உட்கார்ந்துகொண்டு, வெண்மணல் தேடிப் பயணத் திட்டம் போடுகிறோம். சாயமும் மணலும் கொடுத்த காசில் ஒரு பங்கு அந்தமான் விமானச்சீட்டில் இருக்கிறது. இதையும் சேர்த்து ஒருவர் தீவுப் பயணக் கட்டுரை எழுதினால் அது கொங்கு நாட்டுக் கட்டுரையாக இருக்கும். வெறும் நீலத்தை எழுத எந்த ஊர்க்காரனும் போதும்.

நண்பரிடம் நாங்கள் கேட்டது பெரிதல்ல. ராதாநகருக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரரின் தாத்தா எந்த ஊரை விட்டு வந்தார், விடுதியில் மீன் வறுத்த அம்மாள் பேசிய தமிழ் எந்தப் பக்கத்துத் தமிழ். அந்த அம்மாள் தமிழ் பேசினார் என்பதையே அவர் தேநீர் குடிக்கும்போதுதான் சொன்னார், கட்டுரையில் இல்லை. “அட, அதைய எழுதியிருக்கலாமல்லொ” என்று மூத்த அன்பர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுப்புக் கட்டுரை அடுத்த மாதம் வருகிறது. கடலுக்கான உவமைகளில் ஒன்றைக்கூட நீக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும். பாராத்தாங் பகுதியில் அந்த ஏமாற்ற வாக்கியத்தையும் நீக்க வேண்டாம் என்றே கேட்டிருக்கிறோம். அது ஏன் வந்தது என்று அதற்கடுத்த பத்தியில் அவர் எழுதினால் போதும்.