யாரு திருடன்?

1970 செப்டம்பர் 4. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் இங்கிள்வுட் ஃபாரம் அரங்கம். லெட் செப்பலின் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் கச்சேரி. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்த யாரோ அதை ஒலிப்பதிவு செய்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் அது இரட்டை இசைத்தட்டாகக் கள்ளச்சந்தைக்கு வந்தது. 'லைவ் ஆன் புளூபெர்ரி ஹில்' என்று பெயர். குழு தன் மேடைக் கச்சேரியை முறைப்படி இசைத்தட்டாக வெளியிட்டது 1976இல்தான். அதுவரைக்கும் டிக்கெட் வாங்க வழியில்லாதவன் பெரும்பாலும் இப்படிப்பட்ட தட்டுகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இதைத் திருட்டு என்றார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. 1971இல் கனடாவின் வான்கூவர் நகரில் கச்சேரி. அரங்கத்தில் ஏதோ கருவி இருப்பதைப் பார்த்தார் குழுவின் மேலாளர் பீட்டர் கிராண்ட். ஒலிப்பதிவு செய்கிறான் என்று முடிவு கட்டி, ஆட்களை விட்டு அடித்து நொறுக்க வைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, அது இரைச்சலை அளக்க நகர நிர்வாகத்தார் வைத்திருந்த கருவி! சொத்தைக் காப்பாற்றுகிறவனின் ஆத்திரம் அப்படி.

சரி, எந்தச் சொத்து? அது யாருடையது? இதைக் கேட்காமல் திருட்டைப் பற்றிப் பேச முடியாது.

இந்தக் குழுவைப் பெரிய ஆளாக்கிய பாட்டு 'ஹோல் லாட்டா லவ்'. 1969இல் வந்தது. எழுதியவர்கள் என்று குழுவின் நாலு பேர் பெயரும் போட்டிருந்தது. ஆனால் அதன் வரிகளில் ஒரு பகுதி 'யூ நீட் லவ்' என்ற பாட்டிலிருந்து வந்தது. எழுதியவர் வில்லி டிக்சன். 1962இல் பாடியவர் மடி வாட்டர்ஸ். இருவரும் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்குப் போன கறுப்பர்கள். டிக்சன் பெயர் அந்தத் தட்டில் எங்கேயும் இல்லை. 1985இல் அவர் வழக்குப் போட்டார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். பாட்டு வந்து பதினெட்டு வருடம் கழித்து! எழுபதைத் தாண்டிய கிழவர் அப்போது அவர். 1992இல் இறந்தும் போனார்.

டிக்சன் யாருடைய கருவியையும் உடைக்கவில்லை. உடைத்திருந்தால் சும்மா விட்டிருப்பார்களா? உடைக்கிற உரிமை ஒருத்தனுக்கு, வருடக்கணக்காகக் காத்திருக்கிற விதி இன்னொருத்தனுக்கு. அந்தக் கள்ளத்தட்டின் பெயரையே பாருங்கள். ஃபேட்ஸ் டாமினோ என்ற கறுப்புப் பாடகர் 1956இல் ஊரறியச் செய்த பாட்டின் பெயர் அது. அன்றைக்கு ராத்திரி குழு அதையும் பாடியது.

அதற்காகக் கள்ளத்தட்டு விற்றவனைக் கலகக்காரன் என்று தூக்கிவைத்து ஆட நான் தயாரில்லை. நம்மில் சில பேருக்கு அந்த ஆசை உண்டு. சட்டத்தை மீறினாலே புரட்சி என்கிற நினைப்பு. தட்டு விற்ற காசில் குழுவுக்கும் பங்கில்லை, டிக்சனுக்கும் பங்கில்லை. மேடையில் வேர்வை சிந்துவதும் உழைப்புதான். அந்த உழைப்பை விற்றுச் சம்பாதிக்கிறவன் சின்ன முதலாளி. அவ்வளவுதான்.

விற்காமல் பரிமாறிக்கொண்டவர்களின் கதை வேறு. கலிபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் குழு, பதிவு செய்ய வருகிற ரசிகர்களுக்கென்று 1984இல் அரங்கத்திலேயே தனி இடம் ஒதுக்கியது. பதிவு செய்துகொள், ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்கிக்கொள், காசுக்கு மட்டும் விற்காதே என்பதுதான் ஏற்பாடு. நாடா கைமாறிக் கைமாறிப் போனது. குழு ஒன்றும் அழிந்துவிடவில்லை. கச்சேரிக்குக் கூட்டம் கூடத்தான் செய்தது. ஆக, ரசிகன் கையில் கருவி இருந்தால் கலை செத்துப்போகும் என்பது முதலாளி சொல்கிற பூச்சாண்டிக் கதை.

இந்தப் பதிவுகளில் இன்னொரு விஷயமும் உண்டு. கம்பெனி வெளியிடுகிற 'நேரடிக் கச்சேரி' பல சமயம் நேரடியே கிடையாது. 2003இல் லெட் செப்பலின் வெளியிட்ட மூன்று தட்டுத் தொகுப்பு 1972இல் இரண்டு ஊர்களில் நடந்த இரண்டு கச்சேரிகளை வெட்டி ஒட்டியது. கூட்டத்திலிருந்து எடுத்த பதிவில் வெட்டு குறைவு. தப்பாக வாசித்தது தப்பாகவே இருக்கும். பக்கத்து ஆள் கத்துவது, விசில், கைதட்டல் எல்லாம் இருக்கும். ஒலி மோசம்தான். ஆனால் கம்பெனி பதிவில் தூரத்து இரைச்சலாக இருக்கிற ஜனம் இதில் பக்கத்தில் நின்று பேசுகிறது. வரலாற்றை மேடையிலிருந்து எழுதுவதற்கும் தரையிலிருந்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

தரையிலும் எல்லோரும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டிக்கெட்டுக்கும் கருவிக்கும் காசிருந்தவன் பதிவு செய்தான். பருத்திக் காட்டிலும் சிகாகோ சாராயக் கடையிலும் அந்தப் பாட்டுகளை வளர்த்தவர்களின் எத்தனையோ ராத்திரிகள் பதிவே இல்லாமல் போய்விட்டன. அமெரிக்காவில் 1994இல் கொண்டுவந்த சட்டம், மேடைக் கச்சேரியை அனுமதியில்லாமல் பதிவு செய்வதையே தடுக்கிறது. பதிவாகாமல் போனவர்களுக்கு அந்தச் சட்டத்தால் என்ன லாபம்?

இன்றைக்குக் கருவி எல்லோர் கையிலும் கைபேசியாக இருக்கிறது. பதிவு செய்யுங்கள். கேட்கிறவனுக்குக் கொடுங்கள். காசாக்காதீர்கள். கொடுக்கும்போது பாடியவன் பெயரோடு நிறுத்தாமல், பாட்டு யாரிடமிருந்து வந்ததோ அவர்கள் பெயரையும் எழுதுங்கள். 'ஹோல் லாட்டா லவ்' என்று எழுதினால் பக்கத்திலேயே வில்லி டிக்சன் என்று எழுதுங்கள். 1969இல் கம்பெனிக்காரன் செய்யாததைச் செய்ய நமக்கு ஒரு பேனா போதும்.