ஊருக்குப் போன பிறகு

இடம்பெயர்ந்த எமது குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "எல்லாம் ஊருக்குப் போன பிறகு பார்ப்பம்." வேலி அடைப்பது, மகளின் கலியாணம், நாலு கன்று நடுவது எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகின்றன. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள், சில நாட்களில் திரும்பலாம் என்றே வீட்டைப் பூட்டினார்கள். மயிலிட்டித் துறைமுகம் விடப்பட்டது 2017இல். இடையில் 27 ஆண்டுகள். பலாலியைச் சூழ்ந்த காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடப்படவில்லை. அன்று கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்டவர்கள் இன்று தாய் தகப்பன்மார்.

இத்தகையோரிடம், நாளையை மறந்து இன்றைக்காக வாழுங்கள் என்று பிரசங்கிப்பது இலகு. சொந்தக் கிணற்றில் குளித்துவிட்டு வந்து சொல்பவருக்கு இன்னும் இலகு. நாளையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்று இயேசு சொன்னதைக் கேட்டவர்களில் பலர் வரியாலும் கடனாலும் நெரிபட்ட கலிலேய ஏழைகள். காணி போனால் போகட்டும் என்று அவர் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இடம்பெயர்ந்தவர்களுக்கென்றே எழுதப்பட்ட கடிதம் ஒன்று வேதாகமத்தில் உண்டு. எரேமியா 29ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு, இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள் என்று எரேமியா எழுதினார். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். கேட்க இனிமையான வார்த்தை. எரேமியா சொன்ன கணக்கோ 70 வருடம். அடுத்த மாதம், அடுத்த தேர்தல் என்று எமக்கும் எத்தனை அனனியாக்கள் வந்து போனார்கள்!

நாம் கடவுளையும் ஊர்க் கோயிலிலே விட்டு வந்தவர்கள் போல நடக்கிறோம். பாபிலோனில் இருந்துகொண்டே தேடினாலும் அவரைக் காணலாம் என்று அதே கடிதம் சொல்கிறது.

இங்கே ஒரு பயம் எழும். இரவல் காணியில் வேரூன்றினால் ஊர்க் காணியின் உரிமை போய்விடாதா? அதே எரேமியா, நகரம் முற்றுகையில் இருக்க, தானும் காவலில் இருக்க, ஆனதோத்தூரில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார் (32ஆம் அதிகாரம்). சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதி, நெடுங்காலம் பழுதாகாதிருக்க மண்பாத்திரத்தில் வைக்கச் சொன்னார். தோட்டம் போடுங்கள் என்று எழுதிய கையும் உறுதியைப் பத்திரப்படுத்திய கையும் ஒன்றே. ஒன்றைச் செய்தால் மற்றது கெடும் என்று அவர் நினைக்கவில்லை.

தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. விதை வெங்காயத்தைப் பிடி கட்டித் தூக்கினால் சில மாதம் இருக்கும். பிறகு முளைக்கும், அல்லது வற்றிச் சருகாகும். ஊர்ச் செம்மண் கிடைக்கும்வரை அது காத்திருக்காது. பிள்ளைகளின் வயதும் அப்படித்தான்.

காணிக்காரர் பயன்தரு மரம் வைக்க விடமாட்டார் என்பீர்கள். அவர் பயத்திலும் நியாயம் உண்டு. அவரோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கீரைக்கு ஒரு மாதம் போதும், பயிற்றைக்கு இரண்டு மாதம். பழைய பசளைப் பையில் மண் நிரப்பினால் கத்தரி, மிளகாய் வைக்கலாம். போகும்போது பையோடு தூக்கிக்கொண்டு போகலாம். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். காணியின் பெயரும் எல்லைகளும் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கீரை விதையை மாரி மழை பிடிக்கமுன் தூவிவிடுங்கள்.