அழிவும் ஆக்கமே!

கருவளர்ச்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, செல்கள் பெருகப் பெருக உறுப்புகள் உருவாகின்றன. தேர்வில் இதை எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். பெருக்கத்தைப் படிக்கும் நாம் அழிவைப் படிப்பதில்லை. இது பாதிப் பாடமே என்பது என் கருத்து.

கோழியின் காலையும் வாத்தின் காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கருவில் இரண்டுக்குமே விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. கோழிக்கருவில் அச்சவ்வின் செல்கள் மடிகின்றன, விரல்கள் பிரிகின்றன. வாத்தில் அவை பெரும்பாலும் மடிவதில்லை; சவ்வு நிலைத்துவிடுகிறது. நம் கைவிரல்கள் பிரிந்ததும் கோழியின் வழியில்தான். நாம் பேனா பிடிப்பதற்காக எத்தனை செல்கள் தாயின் வயிற்றிலேயே உயிர் விட்டிருக்கின்றன!

மடிந்தவற்றை அகற்றுவது யார்? நோய்க்கிருமிகளோடு போரிடுவதாக நாம் படித்திருக்கும் பெருவிழுங்கு செல்களே. எலும்பு மஜ்ஜை தோன்றுமுன்பே இவற்றின் முதல் அணி மஞ்சட்கருப் பையில் பிறந்து கருவெங்கும் பரவுகிறது. மடியும் செல், தன் உறையின் உட்புறமிருந்த ஒரு கொழுப்புப் பொருளை வெளிப்புறத்தில் காட்டுகிறது. 'என்னை அகற்றிவிடு' என்னும் அறிவிப்பு அது. உடனே பெருவிழுங்கு செல் அதை விழுங்கிச் செரித்துவிடுகிறது. தாமதமானால் மடிந்த செல் உடைந்து, உள்ளிருப்பவை கசிந்து, சுற்றுப்புறத்தைக் கெடுக்கும்.

இப்பணியாளர் இல்லாவிட்டால்? பெருவிழுங்கு செல்களே இல்லாத எலிக்கருக்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவு வியப்பூட்டுவது. அங்கே அக்கம்பக்கத்துச் சாதாரணச் செல்களே, சற்று மெதுவாகவேனும், அப்பணியைச் செய்து முடித்தன. துப்புரவை ஒருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

விழுங்கு செல்களின் கதையும் ஒரு கடற்கரையில் தொடங்கியதே. 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் லார்வாவின் உடலில் தோட்டத்து முள்ளைச் செருகினார் மெச்னிகாஃப். மறுநாள் காலை, முள்ளைச் சுற்றிச் செல்கள் திரண்டிருந்தன. வீட்டிலேயே செய்த சோதனை அது! 1908-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

நம் தூத்துக்குடிக்கு என்ன குறை? முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற மண் இது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பியின் உடலில் மணியையும் திசுத்துண்டையும் பொருத்தி, வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டியதும் இங்கேதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு, அச்சுப் படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைவதோடு நாம் நிறைவடையலாமா?

பாடத்திட்டத்தில் இடமில்லை, பணமில்லை என்பார்கள். ஏழெட்டு நாள் அடைவைத்த சில கோழிமுட்டைகளும், கொஞ்சம் நியூட்ரல் ரெட் சாயமும், ஒரு நுண்ணோக்கியும் போதும். விரலிடைச் சவ்வில் செல்கள் மடியும் இடங்கள் சிவந்து தெரியும். ஒருமுறை அதைக் கண்ணால் கண்டவன் தேர்வுக்குப் பிறகும் மறக்கமாட்டான்.

பேராசிரியப் பெருமக்களே! அடுத்த ஆண்டு மாணவருக்கேனும் அந்த ஒரு செய்முறை வகுப்பைத் தாருங்கள். கட்டுவதற்குக் கழிக்கவும் தெரிய வேண்டும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டே கற்கட்டும்.